பப்பரே லொறியில் ஓர் இடம்

மார்ச் மாதத்து வியாழக்கிழமை, காலை எட்டரை மணி. வெள்ளவத்தையில் காலி வீதி வழக்கம்போல அடைத்துக் கிடக்கிறது. புடவைக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு ஊதுபத்தி கொளுத்துகிறார். அப்போதுதான் தெகிவளைப் பக்கமிருந்து அந்தச் சத்தம் கேட்கிறது. முதலில் பெரிய மேளம், பிறகு ட்ரம்பெட். பஸ் கொண்டக்டர் படியில் தொங்கியபடியே தகரத்தில் தாளம் போடுகிறார். மாடி வீடுகளின் பல்கனிகளில் ஒவ்வொருவராக எட்டிப் பார்க்கிறார்கள். என் அக்கா அடுப்பில் இடியப்பத் தட்டை வைத்துவிட்டு ஓடி வந்து, "தோமியன் லொறி வந்திட்டுது!" என்கிறாள், ஏதோ தேர் வந்துவிட்ட மாதிரி.

ரோயல் - தோமியன் பிக் மெச், இரு கல்லூரிகளின் வருடாந்தக் கிரிக்கெட் ஆட்டம்! கொழும்பில் வளர்ந்த எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. இத்தனை வருடமும் பல்கனியில் நின்று பார்த்த எனக்கு, இந்த முறை லொறியிலேயே ஏற இடம் கிடைத்தது. அக்கா மகன் கல்கிசை புனித தோமஸ் கல்லூரியில் படிக்கிறான். அவனும் கூட்டாளிமாரும் சேர்ந்து பிடித்த லொறி. "மாமா, நீங்கள் பேண்ட்காரரோடு இருங்கோ, அதுதான் நல்ல இடம்" என்றான். அவன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

பப்பரே பேண்டை வெளியிலிருந்து கேட்டால் ஒரே ஆரவாரம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது, அது எவ்வளவு கணக்கான வேலை என்று. இரண்டு ட்ரம்பெட், ஒரு சைட் ட்ரம், ஒரு பேஸ் ட்ரம், ஒரு ஜோடி சிம்பல். லொறி குலுங்கும்போது ட்ரம்பெட் பல்லில் இடிக்கும் என்பதால், ஊதுகிறவர் கம்பியில் முதுகைச் சாய்த்து, ஒரு காலை முன்னால் ஊன்றி நிற்கிறார். ஒரு பாட்டு முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து சின்ன டப்பியை எடுத்து உதட்டில் வாசலின் பூசிக்கொள்கிறார். பிறகு ட்ரம்பெட்டின் அடியில் உள்ள விசையை அழுத்தி, தேங்கிய எச்சிலை ஊதி வெளியே தள்ளுகிறார். "அங்கிள், பைலா ஒன்று!" என்று பையன்கள் கத்துகிறார்கள். "பொறு மகன், சிக்னல் வரட்டும்" என்கிறார். சிக்னலில் லொறி நிற்கும்போதுதான் நல்ல பாட்டை எடுக்க வேண்டுமாம். அப்போதுதான் பக்கத்து பஸ்ஸில் இருப்பவர்களும் கேட்பார்கள், ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்துத் தாளம் கொடுப்பார். முப்பது வருடத் தொழில் இரகசியத்தைப் பம்பலப்பிட்டிச் சந்தியில் வைத்து எனக்குச் சொல்லித் தந்த அந்த மனிதர், கொட்டாஞ்சேனைக்காரர். கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளுக்கும் ஊதுவார், கலியாண வீட்டுக்கும் ஊதுவார், மார்ச் மாதம் முழுக்க பிக் மெச்சுக்கு ஊதுவார்.

லொறி கறுவாத்தோட்டத்தை நெருங்கும்போது இன்னொரு கூத்தும் கண்ணில் படும். வழியிலுள்ள பெண்கள் பாடசாலைகளின் படலைகள் எல்லாம் இறுகப் பூட்டியிருக்கும், காவலாளி உள்ளே நிற்பார். மதிலேறிக் குதித்த பழைய தலைமுறைகளின் புண்ணியம் அது. ஆனால் மேல்மாடி ஜன்னல்களை யாரால் பூட்ட முடியும்? அங்கிருந்து கைகள் அசையும், கீழே லொறி ஆடும்.

இந்த ஆட்டத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், நம்மவர்கள் கல்கிசைக் கடற்கரையைக் காட்டுவார்கள். உண்மையில் அது கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. ஆங்கிலிக்கன் ஆயர் ஜேம்ஸ் சாப்மன் 1851இல் புனித தோமஸ் கல்லூரியைத் தொடங்கியது முகத்துவாரத்தில். 1918இல்தான் அது கல்கிசைக்குப் பெயர்ந்தது. ரோயல் அதைவிட மூத்தது: 1835இல் ஜோசப் மார்ஷ் பாதிரியார் தொடங்கிய பள்ளிக்கூடம், மறுவருடம் கொழும்பு அக்கடமி ஆகி, 1881இல் ரோயல் கல்லூரி என்ற பெயரைப் பெற்றது. 1879இல் இரு பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும் கலந்து ஓர் ஆட்டம் ஆடினார்கள். 1880இல் மாணவர்கள் மட்டும் ஆடிய ஆட்டத்திலிருந்து கணக்குத் தொடங்குகிறது. இடம், இன்று தாஜ் சமுத்திரா ஹோட்டல் நிற்கும் காலிமுகத்திடல் பக்கம். பையன்கள் பேரை வாவியில் தோணி வலித்து ஆட்டத்துக்கு வந்தார்கள் என்பது இரு பக்கத்துப் பழைய மாணவர்களும் அலுக்காமல் சொல்லும் கதை. இரண்டு உலகப் போர்கள் வந்தபோதும் ஆட்டம் நிற்கவில்லை.

1885 பற்றி மட்டும் லொறியில் வாய் திறக்காதீர்கள்! அந்த வருடம் ரோயல் 9 ஓட்டங்களுக்குச் சுருண்டது. மறுநாள் ரோயல் ஆடவில்லை. தோமியன் கணக்கில் அது வெற்றி, ரோயல் கணக்கில் அது முடிவு பெறாத ஆட்டம். 140 வருடமாகியும் இந்த வழக்கு தீரவில்லை. என் மருமகன் அதை நேற்று நடந்த மாதிரிச் சொல்கிறான். அவன் முகத்தைப் பார்த்தால், அந்த 9 ஓட்டங்களையும் அவனே எண்ணியது போலத் தெரிகிறது.

அதற்கு முந்திய நாள், புதன்கிழமை மாலை, ஆட்டம் நடக்கும் எஸ்.எஸ்.சி. மைதானத்துக்குள் எட்டிப் பார்த்தேன். எனக்கு ஆட்டத்தை விட இந்த ஆயத்தம்தான் பிடிக்கும். மைதானத்தைச் சுற்றிக் கூடாரங்கள் எழும்புகின்றன. ஒருவர் கம்பு நடுகிறார், ஒருவர் நீலத் துணி இழுத்துக் கட்டுகிறார், பிளாஸ்டிக் கதிரைகள் லொறி லொறியாக இறங்குகின்றன. மஸ்டாங்ஸ், கோல்ட்ஸ், ஸ்டாலியன்ஸ் என்று கூடாரங்களுக்கெல்லாம் குதிரைப் பெயர்கள். இரு கல்லூரிப் பழைய மாணவரும் ஒரே கூடாரத்தில் கலந்து உட்காருவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ரோயல் நீலமும் தங்கமும், தோமஸ் நீலமும் கறுப்பும். இரண்டிலும் நீலம் இருப்பதால்தான் பத்திரிகைகள் இதை நீலங்களின் சமர் என்று எழுதுகின்றன. வெல்கிறவர்களுக்கு டி. எஸ். சேனநாயக்க நினைவுக் கேடயம். நாட்டின் முதல் பிரதமரான அவர் ஒரு தோமியன். பின்னாளில் ஜனாதிபதியான ஜே. ஆர். ஜயவர்தன 1925இல் ரோயல் அணிக்காக இதே தொடரில் ஆடியவர். எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவும் எஸ். ஜே. வி. செல்வநாயகமும் ஒரே தோமஸ் கல்லூரியில் படித்தவர்கள். 1957இல் பிரதமராகவும் தமிழர் தலைவராகவும் பண்டா - செல்வா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இரு கைகளும் ஒரே பள்ளியில் எழுதப் பழகியவை என்று நினைக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு ஒரு கணம் நின்றுவிடும்.

இந்தக் கூடாரக் கொண்டாட்டம் கொழும்புக்கு மட்டும் உரியதல்ல. ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்தில் டஸ்கலூசா என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்போல் அரங்கில் ஏறக்குறைய 1 இலட்சம் பேர் உட்காரலாம், ஊரின் சனத்தொகையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆட்ட நாளில் ஊர் முழுக்கக் கூடாரம், கொடி, பேண்ட். படங்களைப் பார்த்தபோது எனக்கு உடனே எஸ்.எஸ்.சி. நினைவுதான் வந்தது. அங்கே பல்கலைக்கழகம் செய்வதைக் கொழும்பில் பாடசாலைகள் செய்கின்றன. காரணம் எளிது. இங்கே பாடசாலைகள் மூத்தவை, பல்கலைக்கழகம் பிந்தி வந்தது. ரோயலின் பழைய மாணவரான சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1906 முதல் விடாமல் கேட்டுக்கேட்டு, 1921இல்தான் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. 1942இல் அது இலங்கைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. பத்து வருடத்தில் அதன் பெரும் பகுதி பேராதனைக்குப் போய்விட்டது. ஊரின் கொடியும் கோஷமும் அதற்கு முன்பே பாடசாலைகளின் கைக்கு வந்துவிட்டன.

ஆனாலும் கொழும்பில் இருந்த அந்தச் சில வருடங்களில் பல்கலைக்கழகக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் கொழும்புத் தமிழருக்குக் கொடுத்ததை நான் மறக்கமாட்டேன். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் நாடகங்கள் எழுதி, மாணவர்களைக் கொண்டே மேடையேற்றினார். அவற்றில் நான்கு 1940இல் 'நானாடகம்' என்று நூலாக வந்தன. மேடையில் செந்தமிழ்தான் பேச வேண்டும் என்றிருந்த காலத்தில், நம் வீட்டுத் திண்ணைப் பேச்சு அரங்கேறியது. அதைப் பார்த்த கூட்டம் எப்படிச் சிரித்திருக்கும், எப்படிக் கைதட்டியிருக்கும்! மருதானை ஸாஹிராக் கல்லூரியையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏ. எம். ஏ. அஸீஸ் அதிபராக இருந்த காலத்தில், பின்னாளில் பேராசிரியரான கார்த்திகேசு சிவத்தம்பி அங்கே படித்தார், பிறகு அங்கேயே கற்பித்தார். தமிழ் ஆய்வு வளர்ந்த அதே வளவில் உதைபந்தாட்டமும் வளர்ந்தது. கொழும்பில் ஸாஹிரா என்றால் இன்றைக்கும் முதலில் பந்துதான் நினைவுக்கு வரும்.

பந்து என்றதும் நம் ட்ரம்பெட் அண்ணரிடம் திரும்ப வேண்டும்.

வியாழன் மாலை ஆட்டம் கலைந்ததும் அவரோடு 155ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினேன். அருமையான பஸ் அது. கல்கிசைப் பக்கமிருந்து புறப்பட்டு வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தும்முல்லை, கொழும்புப் பல்கலைக்கழகம், மருதானை, கொட்டாஞ்சேனை என்று போய் மட்டக்குளியில் முடியும். நான் இதுவரை எழுதியது எல்லாம் அந்த ஒரு பஸ் பாதையில் அடங்கிவிடும். ட்ரம்பெட்டைத் துணிப் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "தம்பி, கிரிக்கெட்டுக்கு ஊதினால் சல்லி கிடைக்கும். எங்கட ஏரியாவில ஃபுட்போல் மெச்சுக்கு நான் சும்மாவே ஊதுவன்."

கொட்டாஞ்சேனையில் இறங்கியதும் காற்றே வேறு. புனித லூசியாள் பேராலயத்தின் பெரிய குவிமாடம், அதன் பக்கத்தில் 1865இல் தொடங்கிய புனித ஆசீர்வாதப்பர் கல்லூரி. ஊரார் வாயில் அது வெறும் 'பென்ஸ்'. டி லா சால் சகோதரர்கள் வளர்த்தெடுத்த பாடசாலை. அங்கே படித்த பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் பந்தை உதைத்துத் தேசிய அணி வரை போயிருக்கிறார்கள். கல்லூரியை விட்டு வந்ததும் அவர்களுக்காகக் காத்திருக்க, இதே வட்டாரத்தில் ரினௌன், ரட்ணம் என்று கழகங்கள் இருந்தன. இரண்டுமே நாட்டின் சம்பியன் பட்டம் வென்றவை. மாநகர மேயராக இருந்த வி. ஏ. சுகததாசவின் பெயரைத் தாங்கிய அரங்கும் இங்கிருந்து கூப்பிடு தூரம். 1995இல் தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை இந்தியாவை 1-0 என்று வென்றது அந்தப் புல்லில்தான். அன்றைக்கு இரவு கொட்டாஞ்சேனையில் யாரும் நித்திரை கொள்ளவில்லை என்று அண்ணர் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் மாறிவிட்டது.

ஒரு சின்ன மைதானத்துக்குக் கூட்டிப் போனார். புல் குறைவு, மண் அதிகம். பதின்மூன்று பதினான்கு வயதுப் பையன்கள் பயிற்சியில் இருந்தார்கள். ஒருவனின் சப்பாத்தில் அடி பிளந்து, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அவன்தான் எல்லோரையும் விட வேகம். இடது காலால் பந்தை வாங்கி, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து ஏமாற்றி, மறுபக்கத்தால் போய்விட்டான். மதிலோரம் சாரமுடுத்த அப்பாமார், வேலை முடிந்து வந்த துறைமுகத் தொழிலாளர், வடை வண்டிக்காரர், எல்லோரும் ஒரே குரலில் "அடி! அடி!" பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனது. அண்ணர் பையைத் திறந்தார். ட்ரம்பெட்டை எடுத்து மூன்றே மூன்று சுரம் ஊதினார். காலையில் பம்பலப்பிட்டிச் சந்தியில் ஊதிய அதே பப்பரே. பையன் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான், பாருங்கள், எஸ்.எஸ்.சி. மைதானத்தின் கூடாரங்கள் அத்தனையும் அதற்கு ஈடாகாது!

எனக்கு பிக் மெச்சின் மேல் உள்ள ஆசை ஒரு துளியும் குறையவில்லை. அடுத்த மார்ச்சிலும் லொறியில் ஏறுவேன். ஆனால் ஒரு பாடசாலைக் கிரிக்கெட் ஆட்டத்துக்காக மூன்று நாள் நடுவீதியில் நின்று கைதட்டும் இந்த நகரம், அதே பாடசாலைப் பிள்ளைகளின் உதைபந்தாட்டத்துக்குக் காட்டும் அன்பு போதாது. அதைத் திருத்துவது நம் கையில்தான் இருக்கிறது. ரோயலுக்கும் தோமஸுக்கும் இந்தக் கொண்டாட்டத்தை யாரும் தானம் கொடுக்கவில்லை. பழைய மாணவர்கள் வருடா வருடம் வந்து நின்றார்கள், பிள்ளைகளைத் தோளில் தூக்கி வந்தார்கள், அப்படி வளர்ந்தது அது.

வெள்ளவத்தைக்காரர்களே, பாடசாலை உதைபந்தாட்டப் போட்டிகள் தொடங்கும்போது பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் திகதி போடுவார்கள். பென்ஸ், ஸாஹிரா, ஹமீத் அல் ஹுசைனி என்ற பெயர்களைக் கண்டால் வெட்டி எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள். அன்று பின்னேரம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு 155இல் ஏறுங்கள். பேண்டுக்குக் கவலை வேண்டாம், அண்ணர் அங்கே நிற்பார்.