மாந்தோப்பில் ஒரு ரோமச் சக்கரவர்த்தி!

செஞ்சி மலைப்பக்கம் பிறந்து, வீடூர் அணையில் தேங்கி, விழுப்புரம் மாவட்டத்தைக் கடந்து கடலுக்கு ஓடுகிறதே சங்கராபரணி, அதன் கிளையாற்றங்கரையில்தான் இந்த அதிசயம் நடந்தது. அரியாங்குப்பத்தை ஒட்டிய மாந்தோப்பு மேடு. பெயர் அரிக்கமேடு.

1937 வாக்கில் ஊர்ப் பிள்ளைகள் அங்கே மண்ணில் மின்னிய மணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். சேதி எட்டியதும் புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ துப்ரேய் அவற்றைத் தேடிச் சேர்த்தார். அவர் கைக்கு வந்த ஒரு கல்லில் ஒரு முகம்! ரோமச் சக்கரவர்த்தி அகஸ்டஸ் என்று அடையாளம் கண்டார். மோதிரத்தில் பதிக்கிற கல் அது. முகத்தை உள்வாங்கலாகக் குடைந்திருப்பார்கள்; மெழுகில் அழுத்தினால் மூக்கும் நெற்றியும் எழும்பி வரும். இன்னொரு பளிங்குக் கல்லில் காதல் தேவன் கியூப்பிட், பக்கத்தில் ஒரு பறவை. அந்தக் கல் ஓரம் சீவப்படாமலே கிடந்தது. அப்படியானால் செதுக்கிய சிற்பி இங்கேயே உட்கார்ந்து வேலை பார்த்தானோ? நினைத்தாலே சிலிர்க்கிறது!

இனி திரைக்குப் பின்னால் போவோம். 1944, எழும்பூர் அருங்காட்சியகம். தொல்லியல் துறையின் புதுத் தலைவர் மார்ட்டிமர் வீலர் ஓர் அலமாரிக்குள் கையை விடுகிறார். வெளியே வந்தது மண்சாடி ஒன்றின் கழுத்தும் கைப்பிடியும். மத்தியதரைக் கடல் ஊர்களில் மது நிரப்பும் ஆம்போரா! எங்கே கிடைத்தது? அரிக்கமேட்டில். உடனே புதுச்சேரிக்கு ஓடினார். அங்கே நூலகத்துப் பேழைகளில் செக்கச்செவேலென்று இத்தாலியின் அரெஸ்ஸோ ஊர்த் தட்டுகளின் சில்லுகள்.

1945-இல் வீலர் குழி வெட்டினார். அந்தச் சிவப்புச் சில்லுகளின் அடியில் குயவர் முத்திரைகள் தெரிந்தன: விபி, கமுரி, இட்டா. இந்தத் தட்டுகள் எந்தக் காலத்தில் செய்யப்பட்டவை என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே கணக்காகத் தெரியும்: கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பாதி வரை. அதே மண்ணடுக்கில் நம்மூர்ப் பானைகளும் கிடந்தன, தமிழ்ப் பிராமி கீறிய ஓடுகளும் கிடந்தன. இத்தாலியத் தட்டை வைத்து நம் பானைக்கு வயது சொல்ல முடிந்தது! தென்னிந்தியத் தொல்லியலுக்கே உறுதியான ஒரு காலப்பிடி அங்கேதான் கிடைத்தது.

1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மறுபடி தோண்டினார்கள். கிரேக்கத் தீவான கோஸின் மதுச்சாடி, ஆட்ரியாட்டிக் கரையின் ஆலிவ் எண்ணெய்ச் சாடி, மேற்கு மத்தியதரைக் கடலின் மீன்சாறுச் சாடி எல்லாம் நம் ஆற்றங்கரைக்கு வந்து இறங்கிய கதை இன்னும் விரிந்தது.

இந்தக் கதை புதுச்சேரியோடு நிற்கவில்லை. பெரிப்ளஸ் என்ற கிரேக்கக் கடல்வழி நூல் பொதுகேயை (அரிக்கமேடுதான் அது என்பார்கள்) அடுத்துச் சோபட்மா என்றொரு துறைமுகத்தைச் சொல்கிறது. மரக்காணம்தான் அது என்பது அறிஞர் பலரின் கருத்து. சிறுபாணாற்றுப்படை பாடும் அரசன் நல்லியக்கோடனின் ஊரான கிடங்கில், இன்றைய திண்டிவனத்துக்குள்ளேயே இருக்கிறது. துறைமுகம் அங்கே, அரசன் ஊர் இங்கே. நடுவில் இருப்பதெல்லாம் நம் வயல்கள்தான்.

ஆகவே கிணறு வெட்டும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ விசித்திரமான ஓடு, மணி, கல் கண்ணில் பட்டால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், விற்றும்விடாதீர்கள். கிடைத்த இடத்தைக் கலைக்காமல் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். அடுத்த சக்கரவர்த்தி உங்கள் வரப்படியில் காத்திருக்கலாம்!