தெப்பத்தில் 133 நாள்கள்

போர்க்காலத்தில் படைக்கலம் ஏந்திப் பொருவோர் மட்டுமே இடருறுவர் எனக் கருதுதல் பிழையாம். உணவும் எண்ணெயும் பிற பண்டங்களும் கொண்டு செல்லும் வணிகக் கப்பல்களின் மாலுமிகளும் அவ்விடருக்கு ஆளாவர். பண்டங்கள் வந்து சேராவிடின் நாட்டின் வலிமை குன்றும். இது கருதியே இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் வணிகக் கப்பல்களைத் தேடித் தாக்கின.

1942ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23ஆம் நாள், 'பென் லோமண்ட்' என்னும் பிரிட்டிஷ் வணிகக் கப்பல் ஆப்பிரிக்காவினின்றும் தென்னமெரிக்கா நோக்கித் துணைக்கப்பல் இன்றித் தனியே சென்றுகொண்டிருந்தது. நீருள் மறைந்து வந்த பகைக்கப்பல் ஏவிய டார்ப்பீடோக்கள் அதனைப் பிளந்தன. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. அதிற் சென்ற ஐம்பதுக்கு மேற்பட்டோருள் உயிர் தப்பியவர் ஒருவரே. அவர், கப்பலில் பணியாளராய் இருந்த பூன் லிம் என்னும் 24 வயதுச் சீன இளைஞர்.

நெடுநேரம் நீரில் தத்தளித்த அவர், மிதந்து வந்த மரத்தெப்பம் ஒன்றைக் கண்டு அதன்மேல் ஏறினார். அதிலிருந்த குடிநீரும் பிஸ்கோத்தும் நெடுநாள் போதா என உணர்ந்து, அவற்றை அளவாக உண்டார். உயிர்காப்புச் சட்டையின் துணியை விரித்து மழைநீர் ஏந்தினார். டார்ச்சு விளக்கின் கம்பிச்சுருளை வளைத்துத் தூண்டில் முள்ளாக்கினார். கயிற்றைப் பிரித்துத் தூண்டிற் கயிறாகத் திரித்தார். தகரப் பெட்டியைக் கிழித்துக் கத்தி செய்தார். பிடித்த மீனை வெயிலில் உலர்த்திச் சேமித்தார். ஒருமுறை புயல் எழுந்து அவர் சேமித்தவற்றைப் பாழாக்கியது. கடந்து சென்ற கப்பலொன்றும் அவரை ஏற்றாது சென்றது. எனினும் அவர் உளந்தளர்ந்திலர். கால்கள் வலியிழவாதிருக்கக் கடல் அமைதியாயிருக்கும்போது தெப்பத்தைச் சுற்றி நீந்தினார்.

1943ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், பிரேசில் நாட்டு மீனவர் அவரைக் கண்டு மீட்டனர். 133 நாள்கள் கடலிற் கழித்த பின்னரும் அவர் பிறர் தாங்காமலே நடந்தார். பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ் அவருக்குப் பதக்கம் அளித்துச் சிறப்பித்தார். தெப்பத்தில் தனியே அத்துணை நாள் உயிர் வாழ்ந்தவர் பிறரிலர் எனக் கேட்டபோது, அந்நிலை இனி எவருக்கும் நேராதிருக்க வேண்டும் என்றே அவர் விரும்பினார்.

புகழினும் பிறர் துயரே அவர் நெஞ்சில் நின்றது. தம்முடன் சென்று மீளாதவரை அவர் அறிவாரன்றோ?