முகாமுக்கு ஒரு மல்ட்டி டூல்: வாங்கி விற்போர் கவனிக்க வேண்டியவை

விடுமுறை நெருங்கினால் எமது பகுதி இளைஞர்கள் கூடாரம், அடுப்பு, தூண்டில் சகிதம் பாசிக்குடா, அறுகம்பை, குமண என்று புறப்பட்டு விடுகிறார்கள். இவர்களில் பலர் இரும்புக் கடைகளில் இப்போது கேட்கும் பொருள் மல்ட்டி டூல். குறடு, கத்தி, ஸ்குரூ டிரைவர், டின் திறப்பான், சிறிய ஈர்வாள் எல்லாம் ஒரே கைப்பிடிக்குள் மடிந்திருக்கும் கருவி இது. கேள்வி இருக்கிறது என்பதற்காகக் கண்ணில் படுவதையெல்லாம் கொள்வனவு செய்தால் முதல் முடங்கிப் போகும். எனவே இதன் விபரங்களைச் சக வர்த்தகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இதில் இரண்டு பரம்பரைகள் உண்டு. ஒன்று சுவிஸ் கத்தி. கார்ல் எல்செனர் என்பவரின் பட்டறை 1891இல் சுவிட்சர்லாந்து இராணுவத்துக்குக் கத்தி வழங்கத் தொடங்கியது. இன்று விக்டோரினொக்ஸ் என்று நாம் அறியும் நிறுவனம் அதுதான். இந்த வகையில் கத்தியே பிரதானம். மற்றையது குறட்டை மையமாகக் கொண்டது. அமெரிக்கரான டிம் லெதர்மேன் 1975இல் ஒரு பழைய காரில் ஐரோப்பாவைச் சுற்றியபோது, கையிலிருந்த கத்தியுடன் ஒரு குறடும் இருந்தால் எவ்வளவு உதவியாக இருக்கும் என்று எண்ணினார். அந்த எண்ணம் 1983இல்தான் விற்பனைக்கு வந்தது. வாடிக்கையாளர் பழம் நறுக்கவும் கயிறு அறுக்கவும் கேட்கிறாரா, மீன் வாயிலிருந்து தூண்டில் முள்ளைக் கழற்றவும் கம்பி முறுக்கவும் கேட்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். முன்னவருக்குச் சுவிஸ் வகை போதும். வாவியோரத்தில் முகாமிடுபவருக்குக் குறடு உள்ளதே பொருத்தம்.

அடுத்தது கறள். மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. பாலமீன்மடுவிலும் கல்லாறிலும் கடலோடு தொடர்புள்ளதால் அதன் நீர் உவர் நீர். ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து, கறளே பிடிக்காது என்று வாக்குக் கொடுத்து விடாதீர்கள். இந்த உருக்கைக் காப்பது அதிலுள்ள குரோமியம் மேற்பரப்பில் உண்டாக்கும் மெல்லிய படலம். உப்பு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். கத்திக்கு வெட்டும் கடினம் வேண்டுமென்பதால் காபன் கூடுதலாகச் சேர்ப்பார்கள். அதனால் சமையல் பாத்திரத்து உருக்கை விட இது எளிதில் கறள் பிடிக்கும்.

காந்தம் வைத்துப் பார்க்கும் பழக்கம் நம்மில் பலரிடம் உண்டு. பாத்திரத்துக்கு அந்தச் சோதனை ஓரளவு சரி. கத்திக்குச் சரிவராது. நல்ல கத்தி உருக்கிலும் காந்தம் ஒட்டும். எனவே காந்தம் ஒட்டியதை வைத்து நல்ல சரக்கைத் தள்ளிவிட வேண்டாம்.

கொள்வனவின்போது நான் செய்து பார்க்கும் சோதனைகள் இவை. குறட்டை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள்; நுனிகள் இரண்டும் நேராகச் சந்திக்க வேண்டும். கத்தியை விரித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. விரித்த கத்தி பூட்டிக்கொள்கிறதா என்பது மிக முக்கியம். பூட்டு இல்லாத கத்தியை அழுத்தினால் அது விரல்மீது மடங்கிவிடும். கடைசியாக, கைப்பிடியை இறுக்கிப் பிடியுங்கள். விளிம்பு உள்ளங்கையை வெட்டுவதுபோல் இருந்தால் அது வேலைக்கு உதவாது. இருபது கருவிகள் உள்ளதென்று விளம்பரம் செய்யும் மலிவுச் சரக்கைவிட, எட்டுக் கருவிகள் உறுதியாக உள்ளது மேல்.

மலிவுச் சரக்கின் கணக்கை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். 2,000 ரூபாவுக்கு வாங்கிய பத்துத் துண்டுகளை 2,300 ரூபாவுக்கு விற்றால் இலாபம் 3,000. அவற்றில் இரண்டு உடைந்து திரும்பி வந்து, பணத்தை மீளக் கொடுத்தால் கையில் நிற்பது 18,400. போட்ட முதலோ 20,000. இலாபம் போய், 1,600 ரூபா நட்டம். மனம் சலித்த இரண்டு வாடிக்கையாளர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை. பெயர்பெற்ற கம்பனிகளின் அச்சு அசல் போலிகளும் சந்தையில் உண்டு. லெதர்மேன் தன் கருவிகளுக்கு 25 வருட உத்தரவாதம் தருகிறது. போலிக்கு அது கிடையாது. போலியை அசலென்று விற்பவர், இல்லாத உத்தரவாதத்தையும் சேர்த்து விற்கிறார். மலிவானதை மலிவானது என்றே சொல்லி விற்பதில் தவறில்லை.

விற்கும்போது வாடிக்கையாளரிடம் நான்கு விடயங்களைச் சொல்லுங்கள். உவர் நீர் பட்டால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, விரித்து உலர்த்தி, மூட்டுகளில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட வேண்டும். கைப்பிடி உலோகமானது என்பதால் மின்சாரம் ஓடும் வயரில் ஒருபோதும் பாவிக்கக் கூடாது, உயிராபத்து. விமானத்தில் கைப்பையில் கொண்டு செல்ல விடமாட்டார்கள். ஏற்றி அனுப்பும் பொதியில்தான் வைக்க வேண்டும். நான்காவது, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். 2019 ஏப்ரல் தாக்குதல்களின் பின்னர், மே மாதத்தில் வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்குமாறு பொலிஸார் பொதுமக்களைக் கேட்டிருந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். மல்ட்டி டூல் ஆயுதம் அல்ல, வேலைக் கருவி. ஆயினும் அதை இடுப்பில் தொங்கவிட்டு ஊருக்குள் திரியாமல், முகாம் சாமான்களோடு பையில் வைப்பதே புத்தி.

புதிதாக ஆரம்பிப்போர் ஒரே மாதிரியில் நூறு துண்டுகள் இறக்க வேண்டாம். சுவிஸ் வகையில் ஒன்று, குறடு வகையில் நடுத்தர விலையில் ஒன்று, உயர் விலையில் ஒன்று என மூன்று மாதிரிகளில் சில துண்டுகள் மட்டும் வையுங்கள். ஒன்றை விரித்தபடி கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைத்து, வாடிக்கையாளர் கையில் பிடித்துப் பார்க்க விடுங்கள். ஒரு விடுமுறைக் காலம் கடந்ததும் எது நகர்ந்தது, எது திரும்பி வந்தது என்று கொப்பியைப் பாருங்கள். அடுத்த ஓடரை அந்தக் கணக்கே தீர்மானிக்கட்டும்.