‘லே-ஆஃப்’னா வேலை போயிடுச்சா? ஃபேக்டரி இங்கிலீஷின் அர்த்தமும் கதையும்!

“கம்பெனியில லே-ஆஃப் விட்டுட்டாங்க...” ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இப்படி யாராவது சொன்னால், வேலையே போய்விட்டதாகத்தான் பலரும் நினைப்பார்கள். அமெரிக்க ஐ.டி. நிறுவனச் செய்திகளில் அந்த வார்த்தைக்கு அதுதான் அர்த்தம். ஆனால், நம்மூர் தொழிலாளர் சட்டத்தில் அர்த்தமே வேறு.

லே-ஆஃப்: வேலை போகவில்லை!

மின்சாரம், மூலப்பொருள் தட்டுப்பாடு, இயந்திரக் கோளாறு, சரக்குத் தேக்கம் போன்ற காரணங்களால் நிறுவனத்தால் தற்காலிகமாக வேலை கொடுக்க முடியாத நிலைதான் லே-ஆஃப். மஸ்டர் ரோலில் தொழிலாளியின் பெயர் அப்படியே இருக்கும். 50 பேருக்குக் குறையாத தொழிற்சாலையில் ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டிலும் பாதி இழப்பீடாகக் கிடைக்க வேண்டும். பதிலி, கேஷுவல் தொழிலாளர்களுக்கு இது பொருந்தாது. இன்னொரு முக்கியமான விஷயம்: லே-ஆஃப் நாட்களில் தினமும் ஒருமுறையாவது வேலை நேரத்தில் ஆஜராகாவிட்டால், இழப்பீடு கைவிட்டுப் போகலாம். ‘வேலைதான் போயிடுச்சே’ என்று வீட்டில் இருப்பவருக்குத்தான் நஷ்டம்.

ரிட்ரென்ச்மென்ட்: இதுதான் ஆட்குறைப்பு

ஒழுங்கு நடவடிக்கையாக இல்லாமல், ஆள் தேவையில்லை என்று அனுப்பினால் அது ரிட்ரென்ச்மென்ட். இதற்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் தனி. 1947-ம் ஆண்டு தொழில் தகராறு சட்டம், 2020-ம் ஆண்டு தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு இரண்டிலுமே இந்த வேறுபாடு இருக்கிறது.

சேக், ஃபயர்: எங்கிருந்து வந்தது?

ஐரோப்பாவில் கைவினைத் தொழிலாளர்கள் சொந்தக் கருவிகளைச் சாக்குப்பையில் போட்டு எடுத்து வருவார்களாம். பையைக் கையில் கொடுத்தால் ‘கிளம்பு’ என்று அர்த்தம். ‘சேக் பண்ணிட்டாங்க’ என்பதற்குச் சொல்லப்படும் விளக்கம் இதுதான். ‘ஃபயர்’ ஒரு சிலேடை. ‘டிஸ்சார்ஜ்’ என்றால் வேலையிலிருந்து அனுப்புவது. துப்பாக்கியால் சுடுவதும் அதேதான்!

ஸ்டிரைக்: கப்பலில் பிறந்த வார்த்தை

கப்பலில் பாயை இறக்குவதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்டிரைக்’ என்று பெயர். 1768-ல் லண்டன் மாலுமிகள் கூலி உயர்வு கேட்டு, பாய்களை இறக்கிக் கப்பல்களை நகரவிடாமல் செய்தார்கள். அன்று முதல் வேலைநிறுத்தத்துக்கும் அதே பெயர். 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் தொடங்கி, ஒரு மாதத்துக்கும் மேல் நீடித்த போராட்டத்தையும் அதே வார்த்தையில்தான் சொன்னோம்.

நோட்டீஸ் போர்டில் ஆங்கிலத்தில் எதை ஒட்டினாலும், அதில் இருப்பது ‘லே-ஆஃப்’பா, ‘ரிட்ரென்ச்மென்ட்’டா என்று முதலில் பாருங்கள். கைக்கு வர வேண்டிய பணம் அந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது.