தீவன டானிக்கும் நம் கடை பில்லும்

குரங்கணி, கொட்டகுடி கடைகளுக்கு அரிசி பருப்போடு கோழித் தீவனமும் மாட்டுத் தீவனமும் போடியிலிருந்து நாம் ஏற்றி அனுப்புகிறோம். இப்போது 'காளான் சத்து டானிக்' என்று ஏஜென்டுகள் பொட்டலத்தோடு வருகிறார்கள்.

சீனாவில் பண்ணை ஆமைகளின் தீவனத்தில் மருத்துவக் காளான் பொடி சேர்ப்பதுண்டு. காளானில் உள்ள பீட்டா குளுக்கன் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் என்பது கணக்கு. ஈஸ்ட்டிலும் இதே வகைச் சத்து உண்டு. நம் நாட்டில் 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இருப்பதால் ஆமை வியாபாரம் நமக்கு வேண்டாத வம்பு. கோழிக்கும் மாட்டுக்கும் என்று வரும் பொட்டலம்தான் நம் கவலை.

கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக், வேறு மருந்து கேட்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுப்பது. கோழி எடை போட அதையே தீவனத்தில் கலந்தார்கள். அதற்கு மசியாத கிருமிகளின் மரபணுவை 2015-ல் சீனாவில் கண்டறிந்தார்கள். 2019 ஜூலையில் மத்திய அரசு கால்நடை, கோழி, மீன் தீவன உபயோகத்துக்கான கொலிஸ்டின் தயாரிப்பையும் விற்பனையையும் தடை செய்தது. அந்த இடத்தைப் பிடிக்கத்தான் மூலிகை, ஈஸ்ட், காளான் எல்லாம் வரிசை கட்டுகின்றன.

சரக்கு நல்லதாகவே இருக்கலாம். ஆனால் தடை விற்பவருக்கும் சேர்த்துத்தான். சேர்மானம், தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண், தேதி இல்லாத பொட்டலத்தை, கமிஷன் எவ்வளவு தந்தாலும், இறக்க வேண்டாம். பில் இல்லையென்றால் பேச்சே வேண்டாம். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று அதிகாரி கேட்டால், ஏஜென்டு அல்ல, கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும்.