ரயில் நிலையத்துக்கு மேலே ஒரு அரங்கம்

வாங்க, சத்தம் போடாமல் என் பின்னாலேயே வாங்க! அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இருந்த பாஸ்டன் கார்டன் அரங்கத்தை 1998-ல் இடித்துவிட்டார்கள்தான். கற்பனையில் அதன் பின்வாசல் இன்னும் திறந்தே கிடக்கிறது.

கீழே நார்த் ஸ்டேஷன், ரயில்கள் வந்து போகின்றன. அதன் தலைக்கு மேலே, 1928 முதல், இந்த அரங்கம். மதியம் புரூயின்ஸ் அணியின் ஐஸ் ஹாக்கி முடிந்தது. இரவு இதே இடத்தில் செல்டிக்ஸ் அணியின் பேஸ்கெட்பால். நடுவில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் நடக்கிற கூத்தைத்தான் பார்க்க வந்திருக்கிறோம்!

அதோ, 'புல் கேங்' எனப்படும் அரங்கப் பணியாட்கள்! பனியை உருக்குவதில்லை, அதை மூடி, மேலேயே பலகைத் தரையை அடுக்குகிறார்கள். ஐந்தடிக்கு ஐந்தடியாக 247 கட்டங்கள், முடுக்க 988 போல்ட்டுகள். இருவர் தூக்க, மூன்றாமவர் கேலி பேச, எல்லார் முதுகும் நனைந்திருக்கிறது. கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள், அடுத்த பலகை வருகிறது!

குறுக்கும் நெடுக்குமான அந்த மர வேலைப்பாட்டைக் குனிந்து பாருங்கள். 1946-ல், போர் முடிந்த கையோடு, நீளப் பலகைக்குத் தட்டுப்பாடு. மிச்சம் மீதியான ஓக் துண்டுகளைச் சேர்த்து இணைத்தார்கள். வேறு வழியில்லாமல் செய்தது, அமெரிக்காவிலேயே பெயர்பெற்ற தரையாகிவிட்டது. எனக்கு இந்த அரங்கத்தில் கோப்பைகளைவிடப் பிடித்தது இதுதான். சில இடங்களில் பந்து எழும்பாது, அந்த இடங்கள் செல்டிக்ஸுக்கு மட்டும் அத்துப்படி என்று எதிரணிகள் புலம்பும். சுருட்டும் கையுமான செல்டிக்ஸ் பயிற்சியாளர் ரெட் அவர்பாக்குக்கு அந்தப் புலம்பலே பாதி வெற்றி!

இப்போது 1984 ஜூன் 8-க்குத் தாவுவோம். லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸுடன் என்பிஏ இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டம். ஏசி கிடையாது, உள்ளே 97 டிகிரி ஃபாரன்ஹீட்! ஒரு நடுவர் நீர் வற்றிப்போய்ப் பாதியிலேயே விலகுகிறார். பெஞ்சில் லேக்கர்ஸ் வீரர் கரீம் அப்துல் ஜபார் முகத்தில் ஆக்சிஜன் முகமூடி. செல்டிக்ஸின் லாரி பேர்டோ இந்தப் புழுக்கத்தில் 34 புள்ளிகள் குவிக்கிறார். செல்டிக்ஸ் 121, லேக்கர்ஸ் 103. கூரை பிய்த்துக்கொள்ளும் கூச்சல், காதைப் பொத்திக்கொள்ளுங்கள்!

1995-ல், ஒன்பதே அங்குலம் தள்ளிப் புது அரங்கம் திறந்தார்கள். நம்ம ஓக் தரையும் அங்கே குடிபோனது. 1999 டிசம்பர் வரை அதன்மேல்தான் செல்டிக்ஸ் ஆடியது. பிறகு அதை வெட்டி நினைவுப்பொருளாக விற்றார்கள்.