திருடு போகாத கோப்பு

வேலூர்ப் பக்கம் மணலாய்க் கிடக்கும் பாலாறு வேறு, மாதேஸ்வரன் மலையிலிருந்து மேட்டூருக்கு இறங்கும் வழியில் கர்நாடக எல்லையில் காவிரியோடு சேரும் பாலாறு வேறு. இரண்டாவது பாலாற்றை நாடறியச் செய்தது 1993 ஏப்ரல் 9. சந்தனக் கடத்தல் வீரப்பன் கூட்டத்தார் புதைத்து வைத்த கண்ணிவெடியில் அன்று 22 பேர் மாண்டார்கள். போலீஸ்காரர்கள், வனத்துறையினர், துப்புச் சொல்ல உடன் போனவர்கள் என எல்லோரும் அதில் இருந்தார்கள். அந்தப் பகுதி அப்போது மைசூரு மாவட்டத்தில் இருந்தது. மைசூரு தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்ட) நீதிமன்றம் 2001இல் நான்கு பேருக்கு விதித்த ஆயுள் தண்டனையை, உச்ச நீதிமன்றம் 2004 ஜனவரியில் தூக்காக உயர்த்தியது. அவர்களின் கருணை மனு அந்த ஆண்டே டெல்லிக்குப் போயிற்று. அதை நிராகரிக்கும் முடிவு வந்தது 2013 பிப்ரவரியில். ஏறத்தாழ ஒன்பது ஆண்டு! கடைசியில் 2014 ஜனவரி 21 அன்று, இந்தத் தாமதத்தையே காரணமாகச் சொல்லி உச்ச நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. வெடித்த கண்ணிவெடியைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். தேங்கிக் கிடந்த அந்தக் கோப்பைப் பற்றித்தான் எழுத ஆளில்லை.

தகவல் பாதுகாப்பு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஹேக்கர், பாஸ்வேர்ட், யாரிடமும் சொல்லக் கூடாத ஓடிபி. ஆனால் அந்தத் துறையின் பாலபாடம் மூன்று பொருள்களைச் சமமாக வைக்கிறது: தகவல் கண்டவர் கையில் சிக்கக் கூடாது, அதில் எதுவும் மாறவோ குறையவோ கூடாது, தேவைப்பட்டவருக்குத் தேவைப்பட்ட நேரத்தில் அது கிடைக்க வேண்டும். தகவலுக்கு ஓர் ஆயுள் உண்டு என்றும் அது சொல்கிறது. தகவல் பதிவாகிறது, சேமிக்கப்படுகிறது, கைமாறுகிறது, அதைப் பார்த்து யாரோ முடிவெடுக்கிறார்கள், பிறகு ஆவணக் காப்பகத்துக்குப் போகிறது அல்லது முறைப்படி அழிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் அதற்கு ஆபத்து வேறு, பொறுப்பாளி வேறு. பாலாற்று வழக்கின் கோப்பு திருடு போகவில்லை, எரிந்து போகவில்லை. ஆனாலும் அது செய்ய வேண்டிய வேலையைச் செய்யவில்லை. நம் அலுவலகங்கள் காவல் காப்பது ஒரே ஒரு கட்டத்தை, அதாவது கோப்பு அலமாரியில் இருக்கும் காலத்தை மட்டும். அது பிறக்கும்போதும் பயணப்படும்போதும் போய்ச் சேரும்போதும் காவலுக்கு ஆளில்லை என்பதுதான் என் வாதம்.

பிறக்கும் கட்டத்தையே பாருங்கள். சாதாரணச் சட்டப்படி போலீஸிடம் சொல்லும் வாக்குமூலம் சாட்சியமாகாது. தடா சட்டத்தின் 15ஆம் பிரிவோ, காவல் கண்காணிப்பாளர் நிலையில் உள்ள அதிகாரி எழுதி எடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்றது. எழுதுகிறவர் எதை எழுதினார், எதை விட்டார் என்பது இங்கே உயிர் போகிற விஷயம். தடாவின் கீழ் நடந்த ராஜீவ் கொலை வழக்கில் பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரியே பின்னாளில், 2013இல், வெளிப்படையாகச் சொன்னார்: தான் வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்காகக் கேட்கப்பட்டது என்று தனக்குத் தெரியாது என பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதவில்லை என்று. அந்தத் தாளை எத்தனை பூட்டுப் போட்டுப் பாதுகாத்திருந்தாலும், பாதுகாக்கப்பட்டது குறைபட்ட ஒரு தகவல்தான்.

இனி பயணம். கருணை மனு என்பது ஒற்றைத் தாள் அல்ல. சிறைக் கண்காணிப்பாளர், மாநில உள்துறை, ஆளுநர், மத்திய உள்துறை, குடியரசுத் தலைவர் செயலகம் என்று அது படியேறிப் போய் அதே வழியில் இறங்கி வர வேண்டும். விசாரணை நீதிமன்ற ஆவணங்கள், தீர்ப்புகள், போலீஸ் பதிவுகள் எல்லாம் கூடவே போக வேண்டும். இன்று ஒரு தாளும், ஆறு மாதம் கழித்து இன்னொன்றும் கேட்டால் ஆண்டுகள் ஓடிவிடும். பாலாற்று வழக்கோடு சேர்த்து மொத்தம் பதினைந்து பேரின் தண்டனையைக் குறைத்த 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு இந்த இடத்தைச் சரியாகப் பிடித்தது. தேவையான ஆவணங்கள் அனைத்தையும் கெடு வைத்து ஒரே தடவையில் கேட்டு வாங்க வேண்டும், பதில் வராவிட்டால் நினைவூட்ட வேண்டும் என்றது. அந்த அமர்வின் தலைவர், பவானிப் பக்கத்துக்காரரான தலைமை நீதிபதி பி. சதாசிவம். மனித உரிமைத் தீர்ப்பாகப் போற்றப்படும் அதன் ஒரு பகுதியைப் படித்தால், கோப்பு நிர்வாகக் கையேடு போலவே இருக்கிறது.

கோப்பு போய்ச் சேர்ந்தாலும் முழுதாகச் சேர்ந்ததா என்பது அடுத்த கேள்வி. அசாம் வழக்கு ஒன்றில், குற்றவாளியின் தண்டனையைக் குறைக்கலாம் என்று 2005இல் அப்துல் கலாம் கருத்து எழுதினார். சில ஆண்டுகள் கழித்து அதே மனு பிரதீபா பாட்டீலிடம் போனது. அவருக்காகத் தயாரித்த சுருக்கக் குறிப்பில் கலாம் எழுதியது இல்லை. மனு 2011இல் நிராகரிக்கப்பட்டது. இதை உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் கண்டுபிடித்து, தண்டனையைக் குறைத்தது. ஒரு குடியரசுத் தலைவர் எழுதியது அவருக்குப் பின் வந்தவர் கண்ணில் படவில்லை. இரண்டு கையெழுத்தும் ஒரே மாளிகைக்கு உரியவை!

ரகசியம் மட்டும் நன்றாகவே காக்கப்பட்டது. பாலாற்று மனு நிராகரிக்கப்பட்ட அதே மாதத்தில், 2013 பிப்ரவரி 9 அன்று, திகார் சிறையில் நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கின் அஃப்சல் குரு தூக்கிலிடப்பட்டார். அவர் குடும்பத்துக்கு அதைத் தெரிவிக்க ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிய கடிதம் காஷ்மீரில் கிடைத்தது பிப்ரவரி 11 அன்று. சட்டம் ஒழுங்கு கெடும், கலவரம் வெடிக்கும், அதனால்தான் ரகசியம் என்பது அரசுத் தரப்பு நியாயம். அந்த அச்சம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஊருக்குச் சொல்லாமல் இருப்பதும் உரியவருக்குச் சொல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல. நிராகரிப்பை எழுத்தில் தெரிவித்து, தண்டனை நிறைவேற்றும் முன் குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும் என்று 2014 தீர்ப்பு சொன்னது அந்த வேறுபாட்டைக் காக்கத்தான்.

இதெல்லாம் தகவல் கோளாறே இல்லை, அரசியல் என்று ஒருவர் மறுக்கலாம். வேண்டுமென்றே கிடப்பில் போட்டார்கள். தூக்கு போட்டாலும் வம்பு, போடாவிட்டாலும் வம்பு என்று ஒவ்வோர் ஆட்சியும் அடுத்தவர் தலையில் கட்டியது என்பார்கள். உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால் இன்னும் மோசம். எந்த மேஜையில், எந்தத் தேதியிலிருந்து, யார் பொறுப்பில் இருக்கிறது என்று காட்டாத ஏற்பாட்டில்தான், வேண்டுமென்று செய்ததை மறதி என்று சொல்லித் தப்பிக்க முடியும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: மாண்ட 22 பேரின் குடும்பங்களுக்கு என்ன பதில்? தூக்கு கூடாது என்போர் இந்த முடிவில் மகிழலாம், வேண்டும் என்போர் கொதிக்கலாம். ஆனால் இரு தரப்பும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாட்டின் உச்ச நீதிமன்றம் விதித்த தண்டனையை மாற்றியது கருணையோ கொள்கையோ அல்ல, அரசின் சொந்தக் கோப்பு நகராமல் கிடந்ததுதான். அந்தக் குடும்பத்தாரும் அதே ஒன்பது ஆண்டு காத்திருந்தார்கள். அவர்களிடமும் யாரும் எதுவும் சொல்லக் கடமைப்பட்டிருக்கவில்லை.

ஆயுளின் கடைசிக் கட்டமான அழிப்புக்கு மட்டும் நம்மிடம் கறாரான சட்டம் உண்டு. கண்ணிவெடி வெடித்த அதே 1993இல் நாடாளுமன்றம் இயற்றிய பொது ஆவணங்கள் சட்டம், 1892க்கு முந்தைய அரசு ஆவணங்களைப் பொதுவாக அழிக்கக் கூடாது என்கிறது. அனுமதியின்றி அழித்தால் ஐந்தாண்டு வரை சிறை. கிழித்தால் தண்டனை என்பது சரி. கிடப்பில் போட்டால்? அதற்கு அந்தச் சட்டத்தில் வழியில்லை.

2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 472ஆம் பிரிவு முதல் தடவையாகக் கருணை மனுவுக்கு நாள் கணக்கு வைத்தது. மத்திய அரசு 60 நாளுக்குள் பரிந்துரை அனுப்ப வேண்டும், குடியரசுத் தலைவரின் முடிவை 48 மணி நேரத்துக்குள் மாநில உள்துறைக்கும் சிறைக்கும் தெரிவிக்க வேண்டும். நல்லது. ஆனால் அந்த 60 நாள் தொடங்குவது மாநில அரசின் கருத்தும் சிறையின் ஆவணங்களும் வந்து சேர்ந்த பிறகு. மாநிலம் எத்தனை நாளில் கருத்து அனுப்ப வேண்டும் என்றோ, குடியரசுத் தலைவர் எத்தனை நாளில் முடிவெடுக்க வேண்டும் என்றோ அதில் எண் இல்லை. புணே வழக்கு ஒன்றில் 2017 மே மாதம் மனு நிராகரிக்கப்பட்ட பிறகும், தூக்கிலிடும் வாரண்ட் பிறக்க 2019 ஏப்ரல் ஆயிற்று. அந்தத் தண்டனையும் குறைக்கப்பட்டது. அதை உறுதி செய்த உச்ச நீதிமன்றம், 2024 டிசம்பரில், கருணை மனுக்களுக்கென்றே ஒவ்வொரு மாநிலமும் தனிப் பிரிவு அமைத்துப் பொறுப்பதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும் என்றது. ரகசியம் தேவைப்படாத கடிதங்கள் முடிந்தவரை மின்னஞ்சலில் போகட்டும் என்றும் சொன்னது.